ஒற்றைச் செல் ஆய்வுக்கு 75 மைக்ரோமீட்டர் பிரிகைக் குழாய்: வாங்கலாமா?

மதுரையில் உள்ள எங்கள் ஆய்வகத்தில், ஒற்றைச் செல்லின் புரதங்களை அளப்பதற்காக ஒரு நானோ பிரிகைக் குழாயைப் பயன்படுத்தி வருகிறோம். 75 மைக்ரோமீட்டர் உள்விட்டமும் 25 செ.மீ. நீளமும் கொண்ட இது, சி18 துகள்கள் (18 கார்பன் சங்கிலிகள் பிணைந்த, பெப்டைடுகளைப் பிடித்து வைக்கும் நுண்துகள்கள்) நிரப்பப்பட்டு, தெளிப்பு முனையும் சேர்ந்தே வருவது. கலவையைத் திரவ ஓட்டத்தில் பிரிக்கும் திரவ வண்ணப்பிரிகைக் கருவியையும், அயனிகளின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானியையும் தேர்ந்தெடுக்கும்போது காட்டும் அக்கறையை இச்சிறு பொருளின்மேல் பலர் காட்டுவதில்லை. ஒற்றைச் செல் வேலையில் பாதி வெற்றி இதைப் பொறுத்தே அமைகிறது என்பது என் கருத்து.

பாலூட்டியின் செல் ஒன்றில் உள்ள மொத்தப் புரதம் ஏறத்தாழ 200 பைக்கோகிராம்தான். டி.என்.ஏ.வைப் பி.சி.ஆர். மூலம் பெருக்குவதுபோல் புரதத்தைப் பெருக்க இயலாது. எனவே கையில் இருப்பதை இழக்காமல் கருவிக்குள் சேர்ப்பதே முதல் கவலை. புரதங்களை ட்ரிப்சின் என்னும் நொதி வெட்டித் தரும் சிறு துண்டுகளான பெப்டைடுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் நிறமாலைமானிக்குள் நுழைந்தால், மிகுந்திருப்பவை அரிதாக இருப்பவற்றின் அயனியாக்கத்தை அமுக்கிவிடும். அவற்றைப் பிரித்து வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் சில நொடிகளே நீடிக்கும் குறுகிய முகடாக (சமிக்ஞை வரைபடத்தில் எழும் மேடாக)ச் செறிவூட்டி அனுப்புவது இக்குழாயின் பணி. கருவிழி விளிம்பில் உள்ள மூலச்செல்கள் போன்ற அரிய செல்கள், திசு முழுவதையும் அரைத்துச் சராசரி பார்க்கும் முறையில் கண்ணுக்கே தட்டுப்படாமல் போவதால், கண் மருத்துவ ஆய்வு வேரூன்றிய இந்த ஊரில் இதன் தேவை சிறிதன்று.

200 பைக்கோகிராம் அளவுக்கு நீர்த்த பெப்டைடுக் கலவையைச் செலுத்திச் சோதித்தோம். ஓட்டத்தை நிமிடத்துக்கு 300 நானோலிட்டரிலிருந்து 100 நானோலிட்டராகக் குறைத்தபோது சமிக்ஞை தெளிவாக உயர்ந்தது. கரைப்பான் குறைவதால் பெப்டைடின் செறிவு கூடுகிறது. தெளிக்கப்படும் துளிகளும் சிறுத்து அயனியாக்கம் மேம்படுகிறது. முகடுகள் வால் நீளாமல் ஒடுங்கியே வந்தன. இந்த அம்சத்தில் குழாய்மீது எனக்குக் குறையேதும் இல்லை.

ஆனால் ஓட்டம் குறையும்போது இணைப்புகளில் தேங்கும் கொள்ளளவு பெரும் தொல்லையாகிறது. 75 மைக்ரோமீட்டர் உள்விட்டமுள்ள வெற்று நுண்குழல் 50 செ.மீ. நீளம் இருந்தால், அதற்குள் 2.2 மைக்ரோலிட்டர் நிற்கும். நிமிடத்துக்கு 100 நானோலிட்டர் ஓட்டத்தில் அதைக் கடக்கவே 22 நிமிடம் ஆகும். அதே நீளத்தில் 20 மைக்ரோமீட்டர் நுண்குழல் என்றால் 0.16 மைக்ரோலிட்டர்தான், இரண்டு நிமிடத்துக்குள் கடந்துவிடலாம். பழைய இணைப்புகளை வைத்துக்கொண்டு குழாயை மட்டும் மாற்றுபவர்கள் ஏமாற்றமே அடைவார்கள். பெப்டைடுகள் பிளாஸ்டிக் கிண்ணத்தின் சுவரில் ஒட்டி மறைவதும் இதற்கு இணையான இழப்பு என்றாலும், டோடெசில் மால்டோசைடு என்னும் மென்மையான பரப்புச்செயலியை மிகச் சிறிதளவு சேர்த்தால் அது பெரிதும் குறையும்.

முந்தைய ஓட்டத்தின் எச்சம் அடுத்ததில் தலைகாட்டுவதை முற்றிலும் தவிர்க்க முடியவில்லை. நானோகிராம் அளவு மாதிரியை ஓட்டிய குழாயில் உடனே ஒற்றைச் செல்லை ஓட்டுவது வீண் வேலை. இடையில் மாதிரியில்லாத ஓட்டங்களைச் செலுத்தி, வெளிவரும் எச்சத்தை அளந்து பார்த்தாக வேண்டும். இக்குழாயை இவ்வேலைக்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது.

நம் ஊர்க் கோடைக்கு ஒரு வார்த்தை. குழாயை 50 டிகிரி செல்சியஸ் சூடேற்றியில் வைத்துவிட்டால், அறையின் ஏற்ற இறக்கத்தால் பெப்டைடுகள் வெளிவரும் நேரம் அதிகம் பிறழ்வதில்லை. மின்தடைதான் பகை: இறைப்பி நின்று தெளிப்பு முனை உலர்ந்தால் அது அடைபடும் அபாயம் உண்டு, முனை தனியாகக் கழலாததால் குழாய் முழுவதையும் மாற்ற நேரிடும். விலையோ இளநிலை ஆய்வாளரின் மாத உதவித்தொகையான 37,000 ரூபாயைத் தாண்டுகிறது. எங்களுக்கு விற்ற முகவர், மாற்றுக் குழாய் கையிருப்பில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, பிறகு இறக்குமதி ஆகவேண்டும் என்று காக்கவைத்தார்.

வழக்கமான மைக்ரோகிராம் மாதிரிகளை வரிசையாக ஓட்டும் ஆய்வகங்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இந்த மெதுவான ஓட்டத்தில் அவர்களின் நேரம்தான் வீணாகும். ஒற்றைச் செல்லில் இறங்குபவர்கள் தாராளமாக வாங்கலாம், ஆனால் யு.பி.எஸ். இணைப்பில் இறைப்பியும் சூடேற்றியும் உள்ளனவா என்று பார்த்துக்கொண்டு, இரண்டு குழாய்களாகச் சேர்த்தே கொள்முதல் ஆணை போடுங்கள்.