நிலையம் 09070500: ஒரு வாய்க்கால் கணக்கரின் மதிப்புரை

கொலராடோ ஆற்றின் மேல்படுகையில், ஒரு துணையாற்றிலிருந்து பிரியும் பாசன வாய்க்காலுக்குத் தண்ணீர்க் கணக்கு எழுதுவது என் வேலை. இன்றைக்கு எவ்வளவு எடுத்தோம், எடுக்க உரிமை இருந்ததா, இவ்வளவுதான். அதற்காக ஒன்பது வருடமாகக் காலையில் முதலில் திறந்து பார்ப்பது, யூ.எஸ்.ஜி.எஸ். என்று எல்லோரும் சொல்லும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் நீரோட்டத் தரவுச் சேவை. கட்டணம் கிடையாது.

எங்கள் கொலராடோ மாநிலத்தில் ஆற்றுநீரை முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை. எங்களுக்குக் கீழே ஷோஷோன் நீர்மின் நிலையம் இருக்கிறது. அதன் உரிமை 1902-ஆம் வருடத்தது, வினாடிக்கு 1,250 கனஅடி. எங்களுடையது 1930களில் வந்தது. டாட்சீரோ அருகே கொலராடோ ஆற்றில் உள்ள 09070500 என்ற யூ.எஸ்.ஜி.எஸ். அளவு நிலையத்தில் நீரோட்டம் 1,250-க்குக் கீழே இறங்கினால், கீழேயிருந்து 'அழைப்பு' வரலாம், அதாவது மூத்த உரிமைக்காரர் தன் பங்கு முழுவதையும் கேட்கலாம். வந்தால் எங்களைப் போன்ற இளைய உரிமைக்காரர்கள் மதகை இறக்க வேண்டியதுதான். ஆகவே அந்த எண்ணைப் பார்க்காமல் எனக்குப் பொழுது விடியாது.

15 நிமிடத்துக்கு ஒரு அளவு வருகிறது. ஆனால் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கருவி கனஅடியை அளப்பதில்லை. அளப்பது நீர்மட்டத்தின் உயரத்தை. அந்த உயரத்துக்கு இவ்வளவு நீர் என்று ஏற்கனவே போட்டு வைத்த வளைகோட்டிலிருந்துதான் கனஅடி வருகிறது. ஆற்றுப்படுகை மாறினால் வளைகோடும் பொய்யாகிவிடும்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஆகஸ்ட் மாதம், எங்கள் மதகுக்கு மேலே உள்ள சிறு நிலையத்தில் உயரம் 1.42 அடி, நீரோட்டம் 38 கனஅடி என்று காட்டியது. அதை நம்பிப் பங்கீட்டை எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். ஒன்பதாம் நாள் அளவெடுக்க ஒருவர் வந்தார். மார்புவரை ரப்பர் உடை மாட்டிக்கொண்டு ஓடையில் இறங்கி, கரைக்குக் கரை இருபது முப்பது இடங்களில் ஆழமும் வேகமும் எடுத்தார். அப்போதும் உயரம் அதே 1.42தான். தண்ணீரோ 31 கனஅடி! கோடைப் பாசி அடர்ந்து நீரை முட்டி நிறுத்தியிருந்தது. 7 கனஅடி வீதம் ஒன்பது நாளுக்கு ஏறக்குறைய 125 ஏக்கர்-அடி (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கர்-அடி). அத்தனை தண்ணீரை நான் காகிதத்தில் ஓடவிட்டிருந்தேன்.

தப்பு என்னுடையதுதான். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'தற்காலிகம்' என்று போட்டிருந்தார்கள். சரிபார்த்த பிறகுதான் அது 'அங்கீகரிக்கப்பட்டது' என்று மாறும். அப்புறம் நானும் கணக்கில் அந்த இரண்டையும் தனி நிறத்தில் எழுதத் தொடங்கினேன்.

இடையில் ஒரு வருடம் காசு கட்டி ஒரு தனியார் செயலியையும் வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தற்காலிகம், அங்கீகாரம் என்ற பேச்சே அதில் இல்லை. ஆறு உறைந்த நாட்களில் யூ.எஸ்.ஜி.எஸ். எண்ணைக் காட்டாமல் 'பனிக்கட்டி' என்று எழுதிவிடும். இந்தச் செயலியோ அந்த இடைவெளியில் வழவழவென்று ஒரு கோடு இழுத்திருந்தது. அந்தக் கோட்டை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

பழைய தரவு கிடைப்பது இந்தச் சேவையின் பெரிய பலம். இவர்களின் முதல் நிலையம் 1889-ல் நியூ மெக்சிகோவின் எம்பூடோவில், ரியோ கிராண்டே ஆற்றில் வந்தது. நீண்ட பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஆறே சாட்சி. 1922-ல் ஆற்றுநீரைப் பங்கிட மாநிலங்கள் கொலராடோ ஒப்பந்தம் போட்டபோது மேல்படுகைக்கும் கீழ்ப்படுகைக்கும் வருடத்துக்குத் தலா 75 லட்சம் ஏக்கர்-அடி என்று எழுதினார்கள். இரண்டு படுகைகளும் பிரியும் இடத்தருகே உள்ள லீஸ் ஃபெரியில் அளவுமானி வைத்ததே 1921-ல்தான். கையிலிருந்த கொஞ்சத் தரவும் தண்ணீர் தாராளமாக வந்த வருடங்களுடையது. அவர்கள் எதிர்பார்த்த அளவை ஆற்றின் சராசரி அதன்பிறகு தொடவில்லை.

இந்தச் சேவையால் முடியாதது ஒன்று உண்டு. ஓடுகிற தண்ணீர் யாருடையது என்று அது சொல்லாது. மேலே உள்ள கிரீன் மவுண்டன் நீர்த்தேக்கத்திலிருந்து யாருக்கோ திறந்துவிட்ட தண்ணீரும் இயல்பாக வரும் தண்ணீரும் டாட்சீரோவில் ஒரே எண்ணாகத்தான் தெரியும். திறப்பு விவரத்தை வேறிடத்தில் எடுத்து, வந்து சேரும் நேரத்தையும் கணித்துக் கழிக்க வேண்டும். என் வேலையில் பாதி அதுதான்.

எச்சரிக்கைச் செய்தி வசதியும் இருக்கிறது. நீரோட்டம் இந்த அளவுக்குக் கீழே போனால் சொல் என்று வைத்துவிடலாம். போன கோடையில் 1,300 என்று வைத்திருந்தேன். செய்தி சரியாகத்தான் வந்தது, விடியற்காலை நான்கு மணிக்கு. மதகை இறக்குகிறவர் மலைப்பாதையில் வண்டியோட்டிப் போய்ச் சேர்வதற்குள் அழைப்பு வந்துவிட்டது. இந்த வருடம் 1,400 என்று மாற்றியிருக்கிறேன்.