டெனிசனா, எலும்புச் சாக்கா: போர்க்காலப் பாராசூட் மேலாடை வாங்கும் முன்

இரண்டாம் உலகப்போரில் பாராசூட் வீரர்கள் அணிந்த உருமறைப்பு மேலாடைகளில் சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவது இரண்டு. ஒன்று பிரிட்டனின் டெனிசன் ஸ்மாக். மற்றது ஜெர்மனியின் க்னோஹென்ஸாக். ‘எலும்புச் சாக்கு’ என்று பொருள், வீரர்களே வைத்த பெயர். டெனிசனிலும் போர்க்கால முதல் வடிவம், 1944-இன் இரண்டாம் வடிவம், போருக்குப் பிந்தைய 1959 வடிவம் என்று பிரிவுகள் உண்டு. ஒன்றே ஒன்று வாங்கத்தான் கையில் பணம் இருக்கிறது என்றால், லேபிள் அழியாத இரண்டாம் வடிவ டெனிசனை வாங்குங்கள். பேரும் விலையும் முதல் வடிவத்துக்குத்தான் அதிகம். ஏமாறும் வாய்ப்பும் அதில்தான் அதிகம்.

முதல் வடிவம் தலைவழியே மாட்டுவது. பித்தளை ஜிப் மார்பு வரைதான் திறக்கும். வெளியே நான்கு பைகள், பிரஸ் பட்டன் மூடிகளோடு. கைமுடிவில் கம்பளிப் பின்னல். பின்பக்கம் ஒரு நீண்ட துணிப்பட்டை தொங்கும். அதைக் கால்களுக்கு இடையே இழுத்து முன்னால் பிரஸ் பட்டனில் மாட்டினால், குதிக்கும்போது காற்று புகுந்து ஆடை மேலேறாது. மாட்டாமல் விட்டால் வால்தான். வட ஆப்பிரிக்காவில் உள்ளூர் மக்கள் பிரிட்டிஷ் பாராசூட் வீரர்களைக் கழுதை வால் மனிதர்கள் என்று அழைத்ததாகச் சொல்வார்கள்.

இதன் அழகு நிறத்தில் இருக்கிறது. வெளிர் மணல் நிறத்தின் மேல் பச்சையும் பழுப்பும் அகலத் தூரிகை வீச்சுகளாக ஓடும். இரண்டும் மேல்விழும் இடத்தில் மூன்றாவது நிறம் பிறக்கும். கையால் தீட்டியது என்பதே பரவலான கருத்து. ஆனால் சாயம் கெட்டியில்லை. துவைக்கத் துவைக்க வெளுக்கும். வெளுத்ததை வாங்கி மறுபடி சாயம் ஏற்றி, ‘பயன்படுத்தாதது’ என்று விற்பவர்கள் உண்டு. இதைப் பிடிக்கத் தையலைப் பாருங்கள். துணிக்கு நிறம் ஏற்றிய பிறகுதான் வெட்டித் தைத்தார்கள். ஆகவே தையல் கோட்டில் வீச்சுகள் அறுபட்டு நிற்க வேண்டும். நூல் நெடுகிலும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். பழுப்பு வீச்சு கடக்கும் இடத்தில் நூலும் பழுப்பு, பச்சை கடக்கும் இடத்தில் நூலும் பச்சை என்றால் தைத்த பிறகு தீட்டியது. பை மூடியைத் தூக்கியும் பாருங்கள். வெயில் படாத அந்த இடம் வெளியை விட அடர்த்தியாக இருப்பதே இயல்பு. உள்ளும் புறமும் ஒரே அளவு வெளுத்திருந்தால், காலத்தால் வெளுத்ததல்ல, ரசாயனத்தில் முக்கி எடுத்தது என்று சந்தேகப்படலாம்.

இரண்டாம் வடிவமும் அரை ஜிப்தான். மாறியவை மூன்று. கம்பளிப் பின்னலுக்குப் பதில் பட்டனில் இறுக்கும் துணிப்பட்டை வந்தது. வாலை மடித்து முதுகில் மாட்ட அங்கே பிரஸ் பட்டன்கள் வந்தன. நிறம் அச்சு முறைக்குப் போனது, விளிம்புகள் கூர்மையாயின. பட்டன் பட்டையில் காற்று புகுகிறது என்று பல வீரர்கள் காலுறையின் மேற்பகுதியை வெட்டிக் கைமுடிவில் தைத்துக்கொண்டார்கள். அதனால் கம்பளிப் பின்னல் இருக்கிறது, உடனே முதல் வடிவம் என்று பாய வேண்டாம். முதுகில் பிரஸ் பட்டன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அரை ஜிப்போடு அதுவும் இருந்தால் இரண்டாம் வடிவம். இந்த வடிவத்தைப் பரிந்துரைக்கக் காரணம், சோதிக்கக் கிடைக்கும் அடையாளங்கள் கட்டமைப்பிலேயே இருக்கின்றன; நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டியதில்லை.

1959 வடிவம் மேலிருந்து கீழ்வரை முழு ஜிப். கைமுடிவில் மறுபடி கம்பளிப் பின்னல். விலை மற்ற மூன்றையும் விடக் குறைவு. நேர்மையாக ‘1959’ என்று விற்றால் நல்ல பொருள். துணியின் கனம், காலர், பை அமைப்பு எல்லாம் கைக்குப் பழக இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. சிக்கல் எங்கே? போர்க்காலத்தில் சில அதிகாரிகள் தங்கள் ஸ்மாக்கை முழு ஜிப்பாக மாற்றித் தைத்துக்கொண்டார்கள். அதைக் காட்டி, லேபிள் கிழித்த 1959-ஐ ‘அதிகாரி ஸ்மாக்’ என்று விற்கிறார்கள். உண்மையான மாற்றத்தில் பழைய அரை ஜிப்பின் ஊசித்துளைகள் மார்புப் பகுதியில் மிச்சமிருக்கலாம். கீழே துணியை வெட்டி மடித்த ஓரம் ஆலைத் தையலிலிருந்து வேறுபடும். தயாரிப்பிலேயே நேராக ஓடும் ஒரே தையல் என்றால் அதிகாரி விலை கொடுக்காதீர்கள்.

ஜெர்மன் எலும்புச் சாக்கு தனி உலகம். தொடக்க வடிவங்கள் கால் நுழைத்து அணிபவை. டெனிசனுக்கு முன்பு வந்த பிரிட்டனின் முதல் பாராசூட் ஸ்மாக்கே அதைப் பார்த்துச் செய்ததுதான். பிந்தைய வடிவம் முன்பக்கம் முழுக்கத் திறக்கும். கீழ்ப்பகுதியைப் பிரஸ் பட்டன்களால் தொடையைச் சுற்றி மாட்டலாம். உடைந்த கண்ணாடித் துண்டு போன்ற பச்சை, பழுப்பு வடிவங்கள், அவற்றின் மேல் மழைத்தூறல் போல் குறுங்கோடுகள். பிரஸ் பட்டனில் ‘பிரிம்’, ஜிப் இழுப்பானில் ‘ரிரி’ அல்லது ‘சிப்’ போன்ற தயாரிப்பாளர் பெயர்கள் காணப்படும். ஆனால் இவை தனியாகவும் கிடைக்கின்றன. போலியில் அசல் ஜிப் தைப்பது பெரிய வேலையல்ல. வலது மார்பின் விமானப்படைக் கழுகில் ஸ்வஸ்திகா இருப்பதால் ஜெர்மனியில் சட்டக் கட்டுப்பாடு உண்டு, பல இணையச் சந்தைகளும் அனுமதிப்பதில்லை. நம்பிக்கையான இரண்டு கண்கள் உடன் பார்க்காமல் இதில் இறங்க வேண்டாம்.

அமெரிக்காவின் 1942 மாதிரி ஜாக்கெட் காக்கி நிறம். வண்ணம் தெளித்தவை நிஜமாகவே இருந்தன, ஆனால் சாதாரண ஜாக்கெட்டில் இன்று தெளிப்பதும் எளிது. வரலாறு கூடவே வராத ஒன்றை ஒதுக்கிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக இரண்டு சோதனைகள். உள் தையலில் தளர்ந்து நிற்கும் நூலில் அரை சென்டிமீட்டர், விற்பவர் அனுமதியோடு எடுத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். பாலியெஸ்டர் என்றால் அந்தத் தையலாவது போர்க்காலத்தது அல்ல. அடுத்தது புற ஊதா விளக்கு. நூல் மட்டும் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் நவீன நூல். ஆடை முழுக்க ஒளிர்ந்தால் இன்றைய சோப்புத்தூளில் துவைத்ததாலும் இருக்கலாம், அதை வைத்து மட்டும் தள்ளிவிடாதீர்கள். டெனிசன் லேபிளில் ஆண்டு, அளவு, பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதைக் காட்டும் அகன்ற அம்பு முத்திரை இருக்கும். லேபிளைச் சுற்றியுள்ள தையல் மற்ற உள் தையலோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

வாங்கிய பின் துவைக்காதீர்கள், முதல் வடிவத்தை ஒருபோதும் கூடாது. பூச்சி பருத்தியை விட்டுவிட்டுக் கம்பளிக் கைமுடிவைத்தான் தின்னும். காற்று புகாத பையில் மூடி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து எடுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை ஒரு நாள் விடுங்கள், இல்லையென்றால் ஈரம் துணியில் படியும். பித்தளைப் பிரஸ் பட்டனில் பச்சைக் களிம்பு ஏறினால் உலர்ந்த மரக்குச்சியால் சுரண்டினால் போதும். பாலிஷ் போட்டால் அது துணியில் கறையாக இறங்கும். காட்சிக்கு வைப்பதானால் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம். கம்பிக் கொக்கியில் தொங்கவிட்டால் தோள்பட்டைத் துணி கிழியும். அமிலமில்லாத தாளைச் சுருட்டிக் கைகளுக்குள் வைத்துப் பெட்டியில் படுக்க வையுங்கள்.