அம்மா வீட்டுக் கீசர்

கனடாவின் மிசிசாகாவிலிருந்து கிளம்பி கோவை வடவள்ளி வீட்டுப் படியேறியபோது காலை ஆறு மணி. மார்கழிக் குளிர். "குளிச்சுட்டுத் தூங்கு கண்ணு" என்று சொல்லிவிட்டு அம்மா கேஸ் அடுப்பில் பெரிய குண்டாவை ஏற்றினார். கீசர் என்னாச்சு என்று கேட்டேன். "அது ரெண்டு மாசமா இல்ல. சுவிட்சைப் போட்டா வீடே அணைஞ்சு போகுது" என்றார், ஏதோ மழை பெய்ததைச் சொல்வதுபோல. 73 வயதில் கொதிக்கிற தண்ணீரைச் சமையலறையிலிருந்து குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். வாரம் மூன்று முறை வீடியோ காலில் பேசுகிறோம், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று வார விடுமுறையில் முதல் வேலை அதுதான் என்று முடிவு செய்தேன். ஒரு நாளில் முடியும் என்று நினைத்தேன். ஒன்பது நாள் ஆனது.

கீசர் 2018 ஏப்ரலில் வாங்கியது. 15 லிட்டர், 2000 வாட். பில்லை அம்மா பாஸ்புக்கோடு பத்திரமாக வைத்திருந்தார். டேங்குக்கு 7 ஆண்டு வாரண்டி. அது முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இருந்தாலும் முறைப்படி போவோம் என்று கம்பெனியின் சர்வீஸ் எண்ணுக்கு அழைத்தேன். என் கனடா எண்ணை அவர்களுடைய கணினி ஏற்கவில்லை. பத்து இலக்க இந்திய எண் வேண்டும். அம்மா எண்ணைக் கொடுத்தேன். ஓடிபி அம்மா போனுக்குப் போனது, அம்மா போன் சார்ஜில் மாடியில் இருந்தது. மூன்றாவது முயற்சியில் புகார் பதிவானது. "48 மணி நேரத்தில் டெக்னீஷியன் வருவார்" என்றார்கள். சரி.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பணம் கொடுப்பதில் இப்போது பெரிய சிரமம் இல்லை. என்.ஆர்.ஓ. கணக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) இருந்தால் கனடா, சிங்கப்பூர், அமீரகம் உள்ளிட்ட சில நாடுகளின் எண்ணை வைத்தே யுபிஐ இயக்க 2023லிருந்து வழி இருக்கிறது. இளநீர்க் கடையில்கூட அதில்தான் கொடுத்தேன். ஆனால் சர்வீஸ் புக் பண்ண, டெலிவரி வாங்க, மெக்கானிக் வேலையை முடித்துவிட்டுக் கேட்கும் கோட் எண்ணைச் சொல்ல, எல்லாவற்றுக்கும் உள்ளூர் சிம் வேண்டும். இறங்கிய அன்றே வாங்கிவிடுங்கள்.

48 மணி நேரம் நாலு நாளாக நீண்டது. ஐந்தாம் நாள் காலை அம்மா, "அந்தத் தம்பியவே கூப்பிடலாம்" என்றார். பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன். இருபத்தைந்து வயது இருக்கும். பைக்கில் வந்து இறங்கியவர் கீசரைப் பார்க்கவில்லை, நேராக மீட்டர் பெட்டிக்குப் போனார்.

"டிரிப்பர் ரொம்ப சென்சிட்டிவ்வா இருக்குதுங்ணா. போன தடவையே அம்மாகிட்டச் சொன்னேன், அதை பைபாஸ் பண்ணி விட்டுறலாம்னு. அம்மாதான் பையன் வரட்டும்னுட்டாங்க."

அம்மா 'பையன் வரட்டும்' என்று எதையும் தள்ளிப்போடும் வழக்கத்தை நான் பலமுறை கடிந்திருக்கிறேன். இந்த ஒருமுறை அது அவர் உயிரைக் காப்பாற்றியிருக்கலாம். அந்தத் தம்பி டிரிப்பர் என்றது ஈஎல்சிபியை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடும் சாதனம். அது விழுகிறது என்றால் எங்கோ மின்சாரம் கசிகிறது. "ரெண்டு மாசத்துக்கு முந்தி குழாயத் தொட்டா சுருக்குனு இருந்துச்சு" என்று அம்மா அப்போதுதான் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பைபாஸ் வேண்டாம், கீசரைக் கழற்றிப் பார்ப்போம் என்றேன். தம்பிக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மெயினை அணைத்துவிட்டுக் கீழ் மூடியைக் கழற்றினார். என் பெட்டியில் ஒரு மல்ட்டிமீட்டர் எப்போதும் இருக்கும் (மனைவி இதற்காகச் சிரிப்பார்). தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்டின் இரண்டு முனைக்கும் இடையே மின்தடை 26 ஓம். 2000 வாட் எலிமெண்டுக்கு அது சரியான கணக்கு: 230ஐ 230ஆல் பெருக்கி 2000ஆல் வகுத்தால் 26 சொச்சம்தான் வரும். அப்படியானால் எலிமெண்ட் அறுந்துபோகவில்லை. ஆனால் ஒரு முனைக்கும் டேங்கின் உடலுக்கும் இடையே எதுவும் காட்டக்கூடாத இடத்தில் மூன்று கிலோ ஓம் காட்டியது. எலிமெண்டின் வெளிக்குழாயில் ஓட்டை விழுந்து, உள்ளே தண்ணீர் போய்விட்டது. கசிவு அதுதான்.

மூடிக்குள் இன்னொன்றும் கண்ணில் பட்டது. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் இணைப்பை வெட்டும் கட்-அவுட்டின் இரண்டு முனைகளையும் யாரோ ஒரு துண்டு ஒயரால் சேர்த்து முறுக்கியிருந்தார்கள். "இது நான் பண்ணலீங்ணா" என்றார் தம்பி உடனே. நம்பினேன். ஒயர் பழையது.

தண்ணீர் வரும் வால்வை மூடி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, டேங்கை வடித்து, எலிமெண்டை இழுத்தோம். வரவில்லை. ஆட்டி ஆட்டி இழுத்தபோது சுண்ணாம்புக் கட்டிகளோடு பொலபொலவென்று வந்தது. அரை வாளி தேறியது. கோவைக்காரர்களுக்கு இது புதிதல்ல. குடிக்க சிறுவாணி அணைத் தண்ணீர், மற்றதற்கெல்லாம் போர்வெல் தண்ணீர். எங்கள் பேச்சில் ஒன்று நல்ல தண்ணி, இன்னொன்று உப்புத் தண்ணி. மாடித் தொட்டியில் ஏறுவது உப்புத் தண்ணிதான். ஆர்ஓ சர்வீஸ்காரர் வந்தபோது, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் அவருடைய பேனாவை இரண்டிலும் முக்கிப் பார்த்தோம்: போர் 1,350, சிறுவாணி மூன்று இலக்கத்தையே தொடவில்லை. அந்த 1,350இல் உள்ள சுண்ணாம்புச் சத்துதான் சூடானவுடன் பிரிந்து எலிமெண்டின் மேல் ஓடாகப் படிகிறது. ஓடு தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் எலிமெண்டுக்குள்ளேயே தங்கி அதைப் பொசுக்கும். கூடவே இருக்க வேண்டிய மெக்னீசியக் கம்பியைத் தேடினேன். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க, தான் கரைந்து தேய்வதற்காக வைக்கப்படும் கம்பி அது. நடுவிலிருந்த இரும்புக் கம்பி மட்டும் மிச்சம். ஏழரை ஆண்டில் ஒருவரும் அதை மாற்றவில்லை. அப்படி ஒன்று இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

தம்பி கடைக்குப் போய் இருபது நிமிடத்தில் புது எலிமெண்ட், கேஸ்கட், கம்பி எல்லாம் வாங்கி வந்து மாட்டினார். கட்-அவுட்டும் புதிது. பொருளும் கூலியும் சேர்த்து 1,750 ரூபாய். ஈஎல்சிபி விழவில்லை. அன்று மாலை எல்லோரும் சுடுதண்ணீரில் குளித்தோம். இந்த வேகம் கனடாவில் கிடையாது. அங்கே என் வீட்டு அடித்தளத்தில் இருப்பது 50 கேலன் எரிவாயு டேங்க், வாடகைக்கு எடுத்தது. ஒன்டாரியோவில் பலரும் அப்படித்தான், மாதாமாதம் வாடகை பில்லில் வரும். கதவைத் தட்டி வாட்டர் ஹீட்டர் ஒப்பந்தம் விற்கிற கூட்டத்தின் தொல்லை தாங்காமல் 2018இல் அந்த மாகாணம் அதைச் சட்டம் போட்டே தடுத்தது. போன குளிர்காலத்தில் என் டேங்க் நின்றபோது ஆள் வர ஐந்து நாள் ஆனது. இங்கே இருபது நிமிடம். தம்பியைப் பற்றி வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் புகழ்ந்து எழுதினேன்.

மறுநாள் காலை குளியலறைத் தரையில் துருநிறத்தில் தண்ணீர்.

டேங்கின் அடிப்பக்கப் பற்றவைப்பில் கசிவு. இத்தனை நாள் சுண்ணாம்புதான் அந்த வெடிப்பை அடைத்து வைத்திருந்திருக்கிறது. நாங்கள் சுரண்டி எடுத்துவிட்டோம். ஆனால் வெடிப்பு ஏன் வந்தது? கீசரின் தண்ணீர் உள்ளே வரும் வாயில் ஒரு வால்வு இருக்குமே, அதைப் பார்த்தேன். அதன் சின்னத் துவாரத்தை எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள். அம்மாவைக் கேட்டால், "அது சும்மா சொட்டிக்கிட்டே இருந்துச்சு. பிளம்பர் வந்து அடைச்சுக் குடுத்தாரு. நூறு ரூபாதான் வாங்குனாரு."

சொட்டுவதுதான் அதன் வேலை. 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடானால் ஒரு டம்ளர் அளவு விரிகிறது. அந்த வால்வு தண்ணீரைத் திரும்ப மேல் தொட்டிக்குப் போகவிடாது, அதனால் கூடுதல் அழுத்தத்தைத் துவாரம் வழியாகச் சொட்டு சொட்டாக வெளியே தள்ளுகிறது. அதை அடைத்துவிட்டால் விரிந்த தண்ணீர் டேங்கையே நெருக்கும், தினமும் இரண்டு வேளை. கட்-அவுட்டும் இல்லை, வால்வும் இல்லை. அதன் கீழே நின்றுதான் அம்மா குளித்திருக்கிறார். டேங்க் கசிந்ததோடு நின்றதே என்று இருந்தது. வால்வு சொட்டியது, அதை அடைத்தார் ஒருவர். கட்-அவுட் வெட்டியது, அதை முறுக்கினார் இன்னொருவர். ஈஎல்சிபி விழுந்தது, அதையும் பைபாஸ் பண்ண மூன்றாமவர் தயாராக இருந்தார். ஒவ்வொருவரும் அன்றைய பிரச்சினையை நூறு, இருநூறு ரூபாயில் உண்மையாகவே தீர்த்திருக்கிறார்கள், அம்மாவுக்கும் திருப்தி.

கம்பெனி டெக்னீஷியன் ஏழாம் நாள் வந்தார். எட்டிப் பார்த்தார், டேங்க் போச்சு என்றார், வாரண்டி முடிந்தது என்றார், வருகைக் கட்டணம் 413 ரூபாய் வாங்கிக்கொண்டார். கோட் எண்ணைக் கேட்டார். வேலை ஒன்றும் நடக்காததால் அம்மா கொடுக்க மறுத்துவிட்டார். நான் இடையில் போகவில்லை.

புதிது வாங்க காந்திபுரம் கிராஸ்கட் ரோடு பக்கம் போனோம். விற்பனையாளர் 8 பார் அழுத்தம் தாங்கும் டேங்க் என்று ஒன்றையே பிடித்துக்கொண்டார். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு பார். எங்கள் மாடித் தொட்டி கீசருக்கு மேல் நாலு மீட்டர்கூட இல்லை. அடுக்குமாடியிலோ பிரஷர் பம்ப் வைத்த வீட்டிலோ இருப்பவர்களுக்கு அது தேவை, எங்களுக்கு அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஸ்டார் விஷயத்தில் நான் வேறு மாதிரி நினைத்தேன். கீசரில் நட்சத்திரம் என்பது எவ்வளவு வேகமாகச் சூடாகும் என்பதற்கு அல்ல, சூடான தண்ணீர் சும்மா இருக்கும்போது எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதற்கு. பதினைந்து நிமிடம் போட்டு அணைத்துவிடுகிறவருக்கு மூன்றும் ஐந்தும் பெரிதாக வேறுபடாது. அம்மா போட்டால் மறந்துவிடுவார். ஐந்து ஸ்டாரே வாங்கினேன். கண்ணாடிப் பூச்சு டேங்க், 15 லிட்டர், 8,400 ரூபாய். 'இலவச' இன்ஸ்டலேஷனுக்கு ஹோஸ் இரண்டும் போல்ட்டும் தனி, 650. பழையதைத் தெருவில் வந்த பழைய இரும்புக்காரர் 350க்கு எடுத்துக்கொண்டார். ஆக, கனடாவில் நான் ஐந்து மாதத்துக்குக் கட்டுகிற டேங்க் வாடகைக்குள் இங்கே ஒரு கீசர் சொந்தமாகிவிட்டது.

மாட்ட வந்தவர் வேறொரு பையன். மாட்டுவதற்கு முன் எர்த் பார்க்கச் சொன்னேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 40 வோல்ட் காட்டியது. இரண்டு மூன்றைத் தாண்டக்கூடாது. பின்பக்கம் எர்த் குழி வறண்டு பாளமாகக் கிடந்தது. பழைய எலக்ட்ரீஷியன் தம்பியையே மறுபடி கூப்பிட்டேன். குழியைத் தோண்டி, துருப்பிடித்த கம்பியை மாற்றி, கரியும் உப்பும் போட்டு நிரப்பி, நாலு குடம் தண்ணீர் ஊற்றினார். வோல்ட் இரண்டுக்கு இறங்கியது. 1,200 ரூபாய். இந்தப் பயணத்தில் நான் மனமாரக் கொடுத்த பணம் அதுதான். "குழாயத் தொட்டா சுருக்குங்குதுன்னு அம்மா அப்பவே சொல்லியிருந்தா இதத்தாங்ணா மொதல்ல பாத்திருப்பேன்" என்றார். ஆள் கெட்டிக்காரர். டிரிப் ஆவதை நிறுத்து என்று கேட்டால் அதை நிறுத்தப் பார்க்கிறார், காரணத்தைக் கேட்டால் அதைத் தேடுகிறார்.

தெர்மோஸ்டாட்டை 50க்குக் குறைத்து வைத்தேன். சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு அதிகம் படியும். சுவிட்சுக்கு மேல் ஒரு தாள் ஒட்டினேன்: 'பதினைந்து நிமிடம் போதும். அணைத்துவிட்டுக் குளிக்கவும். வால்வு சொட்டினால் சொட்டட்டும், யாரும் அடைக்கக்கூடாது.' வருடத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றிச் சுண்ணாம்பெடுத்து, மெக்னீசியக் கம்பியைப் பார்க்கும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். டிசம்பர் முதல் வாரம் என்று என் போனில் நினைவூட்டலும் வைத்திருக்கிறேன், அவரை நம்பாமல் அல்ல.

ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்து அம்மா பேசினார். "அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு கண்ணு. உங்க கம்ப்ளெயிண்ட் இன்னும் ஓபன்ல இருக்குது, டெக்னீஷியனை அனுப்பட்டுமான்னு கேட்டுச்சு."

"நீங்க என்னம்மா சொன்னீங்க?"

"பையன் வரட்டும்னு சொல்லிட்டேன்."