மகளுக்கு வாங்கிய சி.பி. சேர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தெரபிக்கு வரும் அம்மாக்கள் சிலர் தொடர்ந்து கேட்கிறார்கள், சி.பி. சேர், அதாவது மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள பிள்ளைகளைத் தாங்கி உட்கார வைக்கும் நாற்காலி, வாங்கலாமா, வாங்கினால் பிள்ளைக்கு உண்மையில் பிரயோஜனம் உண்டா என்று. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

என் மகளுக்கு மூளை முடக்குவாதத்தில் ஸ்பாஸ்டிக் வகை, அதாவது தசைகள் விறைத்துக்கொள்ளும் வகை. உடல் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். அளவீட்டில் நாலாம் நிலை, ஐந்தாம் நிலைதான் மிகக் கடுமையானது. தரையில் உட்கார வைத்தால் இரண்டு கையையும் முன்னால் ஊன்றிக்கொண்டுதான் உட்காருவாள், கையை எடுத்தால் சாய்ந்துவிடுவாள். அப்படியென்றால் அந்தக் கைகள் எப்போது பொம்மையைப் பிடிக்கும், எப்போது ஸ்பூனைப் பிடிக்கும்? எனக்கு இந்த சேரின் முழு அர்த்தமும் இதுதான். உடம்பை சேர் தாங்கிக்கொண்டால் கை விடுதலையாகிறது, தலை நிமிர்கிறது, கண் எதிரில் இருப்பவரைப் பார்க்கிறது.

நாங்கள் வாங்கியது மரத்தில் செய்தது, தலைக்குப் பின்னால் பஞ்சு வைத்த பலகை, இரு பக்கமும் உடம்பைத் தாங்கும் திண்டு, தொடைகளுக்கு நடுவில் ஒரு கட்டை, இடுப்பு பெல்ட், கால் பலகை, முன்னால் கழற்றி மாட்டும் ட்ரே. தச்சுப் பட்டறையில் சொல்லிச் செய்தோம், ஃபிசியோதெரபிஸ்ட் அளவெடுத்துக் கொடுத்தார். நான் ஐந்து ஸ்டார் கொடுப்பது சேரை விட அந்த அளவுக்குத்தான். ரெடிமேடாக வாங்கும்போது பலரும் பார்க்காமல் விடுவது இருக்கையின் ஆழம். பிள்ளையின் முதுகு பின்பலகையில் ஒட்டி இருக்கும்போது இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். அதைவிட ஆழமாக இருந்தால் பிள்ளை சறுக்கிச் சறுக்கி முன்னால் வந்துவிடும், அப்புறம் எத்தனை தலையணை சொருகினாலும் முதுகு கூன் போடும். பெல்ட்டும் வயிற்றின் மேல் வரக் கூடாது, இடுப்பு எலும்புக்குக் கீழே, தொடை மடியும் இடத்தில் சாய்வாக வர வேண்டும். பாதம் தொங்காமல் பலகையில் முழுதாகப் பதிய வேண்டும்.

நடுவில் வரும் அந்தக் கட்டையை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும் பிள்ளைகளுக்குத் தொடையைப் பிரித்து வைப்பது அதுதான். ஆனால் பிள்ளை வழுக்காமல் தடுப்பது அதன் வேலை இல்லை, அது பெல்ட்டின் வேலை. இன்னொன்று, சேர் வந்துவிட்டது என்பதற்காக இடுப்பு எக்ஸ்ரேயை விட்டுவிடக் கூடாது. நாலாம், ஐந்தாம் நிலைப் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகும் வாய்ப்பு அதிகம், ஆரம்பத்தில் வலிகூட இருக்காது.

சாப்பாட்டில்தான் பெரிய மாற்றம். முன்பு மடியில் சாய்த்து வைத்து ஊட்டுவேன், தலை பின்னால் போய்விடும், இருமல், புரை. தலை பின்னால் சாய்ந்திருந்தால் உணவு மூச்சுக்குழாயில் போகிற ஆபத்து உண்டு. இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து தாடை லேசாக உள்ளே இருக்கிறது, நான் அவள் கண்ணுக்கு நேராக ஒரு முக்காலியில் உட்கார்ந்து கீழிருந்து ஸ்பூனைக் கொண்டுபோகிறேன். இட்லியைப் பார்த்து வாயைத் திறக்கிறாள், போதுமென்றால் ட்ரேயைத் தட்டுகிறாள். பேச்சு வராத பிள்ளைக்கு அந்தத் தட்டல் ஒரு சொல். அதே ட்ரேயில் டேப்லெட்டை வைத்து சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில், படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசும் செயலி அது, படங்களைத் தொட ஆரம்பித்திருக்கிறாள், விரல் நேராகப் போவதில்லை, ஆனால் போகிறது.

இனி குறைகள். கீழே இருக்கும் சின்னச் சக்கரங்கள் வீட்டு நிலைப்படியைத் தாண்டாது, தூக்கித்தான் வைக்க வேண்டும், கனமும் அதிகம். ரெக்சின் உறை வெயில் காலத்தில் முதுகைப் புழுங்க வைக்கிறது, பருத்தித் துணி தைத்துப் போட்டிருக்கிறோம். பெல்ட்டின் வெல்க்ரோவில் சோற்றுப் பருக்கை ஒட்டிக் காய்ந்தால் பிடிப்பு போய்விடும், பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும், அதற்குப் பக்கிள் வைத்த பெல்ட்டே மேல். ட்ரேக்கு ஓரத்தில் விரல் உயர விளிம்பு இல்லாமல் செய்துவிட்டார்கள், உருண்டு விழும் பந்தைக் குனிந்து எடுத்தே இடுப்பு போயிற்று, பிறகு விளிம்பு அடித்து வாங்கினோம்.

ஒரே மூச்சில் மணிக்கணக்காக உட்கார வைக்காதீர்கள். அரை மணி, முக்கால் மணி, பிறகு குப்புறப் படுக்கவோ ஸ்டாண்டிங் ஃபிரேமில் நிற்கவோ மாற்றிவிட வேண்டும். பிள்ளை வளர வளரக் கால் பலகையையும் இருக்கையையும் மாற்ற வேண்டும், ஆகவே ஆணி அடித்து இறுக்கிய சேரை வாங்காமல் போல்ட் போட்டதாகக் கேளுங்கள்.

காசு இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், தமிழக அரசு மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கென்று சிறப்பு சக்கர நாற்காலி தருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்திலும் வருமான வரம்புக்குள் இருந்தால் இலவசம், கான்பூரிலுள்ள மத்திய அரசு நிறுவனமான அலிம்கோ தயாரிக்கும் சி.பி. சேர் அந்த வழியில் கிடைக்கும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை முதலில் வாங்கிவிடுங்கள். எந்த வழியில் வந்தாலும் சேரோடு பிள்ளையைத் தெரபிஸ்ட்டிடம் கூட்டிப்போய் ஒரு தடவை உட்கார வைத்துக் காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகு வீட்டில் பயன்படுத்துங்கள்.