நியூகிரேஞ்ச்: மின்விளக்குச் சூரியனுக்கு டிக்கெட் எடுக்கலாமா?

அயர்லாந்துக்கு வரும் நம் ஆட்கள் மோஹர் பாறையில் நின்று படமெடுத்துக்கொண்டு, டப்ளினில் கொஞ்சம் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். டப்ளினுக்கு வடக்கே, காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய நியூகிரேஞ்ச் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. டிசம்பரில் சில நாள் காலைச் சூரியன் உள்ளறை வரை நுழையும்படி ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் கட்டிய கல்லறை மேடு அது. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவை அங்கேதான் கூட்டிப்போனேன். அப்பாவுக்குக் காலையில் காபிக்கு முன்னால் பஞ்சாங்கம் பார்த்தாக வேண்டும். அவருக்கு வேறெந்த இடமும் இவ்வளவு பொருந்தியிருக்காது.

வண்டியை நேரே மேட்டுக்கு விட முடியாது. பாய்ன் ஆற்றின் தென்கரையில் இருக்கும் பார்வையாளர் மையத்துக்குப் போய், நடைபாலத்தில் ஆற்றைக் கடந்தால் அவர்களுடைய பஸ் ஏற்றிக்கொள்ளும். டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள், உள்ளறைக்குப் போக அனுமதி இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். வெளியே நின்று பார்ப்பதோடு முடிகிற டிக்கெட்டும் உண்டு, அதில் பாதி விஷயம் போய்விடும். டப்ளினிலிருந்து ஒருநாள் டூர் பஸ்ஸில் போன தோழிக்குக் கண்காட்சியைப் பார்க்க நேரமே கொடுக்கவில்லையாம். முடிந்தால் சொந்தமாகப் போங்கள்.

மேடு கட்டப்பட்டது கி.மு. 3200 வாக்கில். கீசாவின் பெரிய பிரமிடுக்கே இது அறுநூறு வருஷம் மூத்தது. முன்பக்கம் பளிச்சென்று நிற்கும் வெள்ளைக் குவார்ட்ஸ் சுவரைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். கேட்டேன். கற்கள் பழையவை, தெற்கே விக்லோ மலைப்பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை. ஆனால் இப்படிச் செங்குத்தாக நிறுத்தியது 1970களின் சீரமைப்பு, உள்ளே கான்கிரீட், இது சரியா என்று இன்னும் சண்டை நடக்கிறது என்று வழிகாட்டிப் பெண் மழுப்பாமல் சொன்னார். அங்கேயே அவருக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.

உள்ளே போகும் கல் நடைவழி 19 மீட்டர். இரண்டு இடத்தில் குனிந்து, ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். கடைசியில் சின்ன அறை. சாந்தே இல்லாமல், ஒரு கல்லைவிட அடுத்த கல் கொஞ்சம் உள்ளே தள்ளி அடுக்கி 6 மீட்டர் உயரத்துக்குக் கூரை. அயர்லாந்து மழையில் ஐயாயிரம் வருஷமாக ஒழுகவில்லை. (என் வாடகை வீட்டைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.)

அப்புறம் விளக்கை அணைக்கிறார்கள். பக்கத்தில் நின்ற அப்பாவின் வெள்ளை முடிகூடத் தெரியவில்லை. சற்று நேரத்தில் தரையில் மஞ்சளாக ஒரு கோடு மெல்ல நீண்டு வருகிறது. இது டிசம்பர் சூரியனைப் போலக் காட்டும் மின்விளக்கு. இணையத்தில் பலர் கேலி செய்வது இதைத்தான். என்னைக் கேட்டால் கொடுத்த காசு இதற்குத்தான். வெளிச்சம் வாசல் வழியாக வருவதில்லை. வாசலுக்கு மேலே தனியாக ஒரு கல்சாளரம் வைத்திருக்கிறார்கள். நடைவழியின் தரை உள்ளே போகப்போக சுமார் இரண்டு மீட்டர் ஏறுவதால், அறையின் தரையும் அந்தச் சாளரமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. படத்தில் எத்தனை தடவை பார்த்தும் புரியாதது, அந்தக் கோடு காலடிக்கு வந்ததும் புரிந்துவிட்டது.

நிஜச் சூரியன் வருவது டிசம்பர் 21ஐ ஒட்டிய சில நாட்களில்தான். காலை 8.58 வாக்கில் நுழைந்து 17 நிமிடம் இருக்கும். அகழாய்வு செய்த பேராசிரியர் மைக்கேல் ஓ'கெல்லி 1967இல் அந்த நாளில் தனியாக உள்ளே காத்திருந்து பார்த்தார். இப்போது அந்த நாட்களுக்கு லாட்டரி. அதில் பேர் வந்தாலும் மேகம் வந்தால் போச்சு.

"ஏம்மா, அது மார்கழி ஆறாம் தேதில்ல?" என்றார் அப்பா. கேள்வி சரியானது. சூரியன் வடக்கே திரும்புவது அன்றைக்கு. நாம் உத்தராயணம் என்று கொண்டாடுவது தை ஒன்று. சுமார் 1700 வருஷத்துக்கு முன்னால் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. பூமியின் அச்சு பம்பரம்போலத் தள்ளாடுவதால், நட்சத்திரங்களை வைத்துப் போட்ட நம் கணக்கு விலகிவிட்டது. அந்தத் தள்ளாட்டத்தில் துருவ நட்சத்திரமே மாறிவிட்டது. இதைக் கட்டியவர்கள் காலத்தில் வடதுருவத்துக்கு அருகே இருந்தது தூபன் என்ற மங்கலான நட்சத்திரம். ஆனால் இந்தச் சாளரம் அடிவானத்தில் சூரியன் திரும்பும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பாதிப்பது அச்சின் சாய்வு மட்டும்தான். அது 24 பாகையிலிருந்து 23.4 ஆகக் குறைந்ததில், அன்று உதிக்கும்போதே நுழைந்த வெளிச்சம் இன்று நாலு நிமிடம் தாமதமாக நுழைகிறது, அவ்வளவுதான்.

உள்ளே செதுக்கியிருக்கும் முச்சுருளுக்கு என்ன அர்த்தம் என்று ஒருவர் கேட்டார். "தெரியாது" என்றார் வழிகாட்டி. சக்தி, அதிர்வு என்று எதையும் அவிழ்த்துவிடவில்லை. பதிலுக்கு, தாக்தா என்ற தெய்வம் சூரியனை ஒன்பது மாதம் நிறுத்திவைத்து, ஒரே பகலில் மகன் ஏங்கஸைப் பிறக்கவைத்த ஐரிஷ் கதையைச் சொன்னார். இது அந்த ஏங்கஸின் வீடாம். கட்டியவர்களுக்கு வெகுகாலம் கழித்து எழுதப்பட்ட கதை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

குறை என்றால், உள்ளே நிற்கக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். படமெடுக்கக் கூடாது. இருட்டுக்கும் இடுக்குக்கும் பயப்படுகிறவர்கள் யோசித்துப் போங்கள். முழங்கால் வலிக்காரியான அம்மா உள்ளே வரவில்லை. மேட்டைச் சுற்றிப் பதித்திருக்கும் 97 கற்களையும் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று நடந்தவர், "பின்னாடி ஒரு கல் இருக்கு, வாசல் கல்லைவிட அதுதான் அழகு, போய்ப் பாரு" என்றார். 52ஆம் எண் கல் அது, வாசலுக்கு நேர் எதிர்ப்பக்கம். கூட்டம் அந்தப் பக்கம் போவதே இல்லை. பஸ் வருவதற்குள் தாராளமாகப் பார்த்துவிட்டு வரலாம்.