பைலட் படிப்பு: உள்ளூரா, அமெரிக்காவா, கேடட் திட்டமா?

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும், சி.பி.எல். (சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் உரிமம்) வாங்க 18 வயது நிரம்ப வேண்டும், குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் இது மாறாது. பைலட்டுக்கான உடல் தகுதிச் சான்றான க்ளாஸ் 1 மெடிக்கல் கையில் வரும் முன் யாரிடமும் பெரிய தொகை கட்டாதீர்கள். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

நம் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் தேர்வுகளை இங்கேயே எழுதி முடித்துவிட்டு, பறக்க மட்டும் அமெரிக்கா போனவன் நான். ஆகவே என் தராசு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும்.

எல்லோரும் முதலில் கேட்பது செலவு. உள்ளூரோ அமெரிக்காவோ, சி.பி.எல். முடிப்பதற்குள் அரைக் கோடி தாண்டிவிடும். டாலர் ஏற இறங்க இரண்டும் மாறி மாறி முன்னே பின்னே நிற்கும். உண்மையான வித்தியாசம் மாதக் கணக்கில் இருக்கிறது. கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்க, பிள்ளை ஹாஸ்டலில் விமானத்துக்காகக் காத்திருப்பதுதான் இந்தப் படிப்பின் பெரிய செலவு. எந்தக் கட்டணப் பட்டியலிலும் அது இருக்காது.

உள்ளூரில் நல்ல பள்ளிகள் இல்லாமல் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் அரசின் இக்ருவா பள்ளி இருக்கிறது, மகாராஷ்டிராவின் கோண்டியாவில் என்.எஃப்.டி.ஐ. பள்ளி இருக்கிறது. ஆனால் வடக்கே குளிர்காலம் முழுக்கப் பனிமூட்டம், மத்திய இந்தியாவில் மழைக்காலம். வானம் தெளிந்த நாளில் விமானம் பராமரிப்பில் நிற்கும். விமானம் வந்தால் இன்ஸ்ட்ரக்டர் லீவில் இருப்பார். சேரும் முன் பள்ளியில் எத்தனை விமானம் என்று கேட்காதீர்கள். அங்கே படிக்கும் ஒரு சீனியரின் லாக் புக்கை (பறந்த நேரத்தைத் தேதிவாரியாகக் குறிக்கும் புத்தகம்) கேட்டு வாங்கி, தேதிகளை மட்டும் பாருங்கள். ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று வாரம், ஐந்து வாரம் என்று இடைவெளி தெரிந்தால் விஷயம் புரிந்துவிடும்.

நான் பறந்தது அரிசோனாவில். அங்கே வருடத்தில் பெரும்பாலான நாள் வானம் தெளிவு. கோடையில் மட்டும் விடியற்காலையே கிளம்ப வேண்டும். பத்து மணி வெயிலில் இரண்டு பேரும் முழு டேங்கும் இருந்தால் செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானம் மேலே ஏற முனகும். வாடகை நேரத்தைக் கணக்கிடும் ஹாப்ஸ் மீட்டர் இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஓட ஆரம்பிக்கும், டாக்ஸிவேயில் வரிசையில் நிற்கும் நேரத்துக்கும் நம் காசுதான். இருந்தாலும் ஒரு வருடத்துக்குள் பறக்க வேண்டியதெல்லாம் முடிந்தது. அங்கேயே வேலை என்ற கனவு வேண்டாம்: 2013க்குப் பிறகு விமான நிறுவனத்தில் சேரப் பொதுவாக 1,500 மணி நேரம் கேட்கிறார்கள், வேலை செய்யும் அனுமதி வேறு வேண்டும்.

திரும்பி வந்தபின் அமெரிக்க உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றுவதுதான் இந்த வழியின் தலைவலி. அமெரிக்காவிலிருந்து சரிபார்ப்புக் கடிதம் டிஜிசிஏவுக்கு வந்து சேர வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் 15 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். தேர்வுகளை அதன் பிறகு எழுத உட்கார்ந்தால் அந்த ஆறு மாதம் நழுவிவிடும், மறுபடி இங்கே விமானம் வாடகைக்கு எடுத்துப் பறக்க வேண்டும். தேர்வு முதலில், பறத்தல் அப்புறம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சரி, விமான நிறுவனமே ஆளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்பும் கேடட் திட்டம்? நான் அதில் படித்தவனில்லை, என்னோடு பறப்பவர்கள் சொல்வதை வைத்துத்தான் சொல்கிறேன். டைப் ரேட்டிங்கையும் (குறிப்பிட்ட ஒரு விமான வகையை ஓட்டத் தனியாக வாங்கும் தகுதி) சேர்த்து ஒரு கோடிக்குப் பக்கமோ அதற்கு மேலோ ஆகும். பதிலுக்கு, நிறுவனம் முதலிலேயே தேர்ந்தெடுத்துவிடுவதால் வேலை தேடி அலைவது குறையும். வசதி இருந்தால் நல்ல வழிதான். ஆனால் கையில் கிடைப்பது நிபந்தனையோடு வரும் கடிதம். நியமன ஆணை என்று நினைத்துவிட வேண்டாம்.

2023இல் இண்டிகோ 500 விமானமும் ஏர் இந்தியா 470 விமானமும் ஆர்டர் செய்ததைக் காட்டித்தான் எல்லாப் பள்ளியும் ஆள் பிடிக்கிறது. அவை வந்து சேரப் பல வருடம் ஆகும். அதே 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் நின்றுபோனது. ஏ320 டைப் ரேட்டிங்கும் அனுபவமும் உள்ள அதன் பைலட்டுகளும் வேலை தேடும் வரிசையில் வந்து நின்றார்கள். 200 மணி நேரத்தோடு வருபவர் அவர்களுக்குப் பின்னால்தான். கையில் ரேட்டிங் இருந்தால் தேவலை என்று பலரும் பத்துப் பதினைந்து லட்சத்துக்கு மேல் கொடுத்து அவசரமாக முடிக்கிறார்கள். பறக்காமல் கிடந்தால் அதுவும் பழசாகும். எந்த நிறுவனம் ஆள் எடுக்கிறது, எந்த விமானத்துக்கு எடுக்கிறது என்று தெரிந்தபின் அந்தப் பணத்தை எடுங்கள்.