பூந்துடைப்பமா, ஈரத்துணியா? புழுதி ஊரில் வீடு துடைக்கும் கணக்கு

கிருஷ்ணகிரியில் எங்கள் தெரு மண்ரோடு. காலை ஏழு மணிக்கு ஜன்னல் திண்டைத் துடைத்தால், பதினொரு மணிக்கு அதில் விரலால் பேர் எழுதலாம். வெயில் காலத்தில் செம்மண் புழுதி, ஆடி பிறந்தால் காற்று வேறு. கல் ஏற்றிய லாரி போனால் அதன் வெள்ளைத் தூளும் சேர்ந்துகொள்ளும். போர்த் தண்ணீர் உப்பு. சித்திரையில் அதுவும் பாதி நாள் வராது. அதனால் யார் எந்த இயற்கை முறையைச் சொன்னாலும் நான் பார்ப்பது இரண்டுதான். அது புழுதியைக் கிளப்புமா? எவ்வளவு தண்ணீர் கேட்கும்?

முதலில் கூட்டுவது. பூந்துடைப்பம் டைல்ஸில் வழுக்கிக்கொண்டு போகும், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் நுண்தூள் மேலே எழும்பி, அரை மணி நேரத்தில் கட்டில் மேலும் டிவி மேலும் திரும்ப உட்காரும். வேக்குவம் கிளீனரில் நல்ல ஃபில்டர் இருந்தால் பரவாயில்லை. மலிவான மிஷின் உறிஞ்சிய நுண்தூளில் ஒரு பங்கைப் பின்பக்கமாகத் திருப்பி விட்டுவிடும்.

அம்மா தண்ணீர் தெளிக்காமல் வாசல் கூட்ட விடமாட்டார். "தெளிக்காம கூட்டாத கண்ணு, மண்ணெல்லாம் மூக்குல போவும்" என்பார். அப்படியிருக்க, வீட்டுக்குள் மட்டும் ஏன் காய்ந்த தரையைக் கூட்டுகிறோம்? பழைய செய்தித்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, நனைத்து, ஒட்டப் பிழிந்து தரையில் தூவுங்கள். அப்புறம் கூட்டுங்கள். தூள் காகிதத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அரை சொம்புத் தண்ணீர் போதும். எங்கள் வீட்டில் இருமல் குறைந்தது இதற்குப் பிறகுதான்.

திண்டு, ஃபேன், அலமாரிக்கு இறகுத் துடைப்பான் வேண்டவே வேண்டாம், அது தூளை இடம் மாற்றும், அவ்வளவுதான். மைக்ரோஃபைபர் துணி நன்றாகவே பிடிக்கும். ஆனால் அது பிளாஸ்டிக் இழை, துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழைகள் தண்ணீரில் கலக்கும். நைந்த பருத்தி வேட்டியை நாலாகக் கிழித்து, நனைத்துப் பிழிந்து துடைப்பது எனக்குப் போதுமாக இருக்கிறது. கண்ணாடிக்கு மட்டும் மைக்ரோஃபைபர் ஒரு படி மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி தரை துடைக்கும் திரவம். நான் அதிகம் அலைந்தது இதற்குத்தான்.

சோப்புத் தூள் போட்டால் போர்த் தண்ணீரில் நுரை வராது. வராததால் இன்னும் கொட்டுவோம். தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வழுவழுப்பான படலமாகத் தரையில் படியும், அடுத்த நாள் புழுதி அதில்தான் ஒட்டும். நுரைக்காக நல்ல தண்ணீரை எடுக்கலாமே என்றால் மனம் வராது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான். அந்தத் தண்ணீர் குடிக்க, சமைக்க. தரைக்கு இல்லை. ஃபினாயில் நாற்றத்தை அடக்கும், புழுதிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. துடைத்த தண்ணீரைச் செடிக்கும் ஊற்ற முடியாது.

பூந்திக்கொட்டை வேறு ரகம். அதில் உள்ள சபோனின் என்ற இயற்கை நுரைப்பொருள் உப்புத் தண்ணீரிலும் திரிந்துபோகாமல் அழுக்கை எடுக்கும். பத்துப் பன்னிரண்டு காய்களை விதை நீக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அரை பக்கெட் தண்ணீருக்கு ஒரு டம்ளர் போதும். திரும்ப அலசித் துடைக்கும் வேலை இல்லை, அதனால் ஒரு பக்கெட் மிச்சம். குறையும் உண்டு. மூன்று நாளில் புளித்துவிடும், கண்ணில் பட்டால் எரியும். மீனுக்கு அது விஷம், குட்டை, ஏரிப் பக்கம் ஊற்றிவிடாதீர்கள்.

குழாய், பாத்ரூம் டைல்ஸில் படியும் உப்புக்கறைக்குப் பலரும் ஆசிட் வாங்குகிறார்கள். அதன் புகை நெஞ்சை அடைக்கும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு, உயிருக்கே ஆபத்து. எலுமிச்சைச் சாறோ வினிகரோ நனைத்த துணியைக் குழாயில் அரை மணி நேரம் சுற்றிவையுங்கள், கறை இளகிவிடும். நேரம் கூட ஆகும், தப்பில்லை. ஆனால் கடப்பாக்கல், மார்பிள், சிவப்பு சிமெண்ட் தரை பக்கம் புளிப்பைக் கொண்டுபோகாதீர்கள், அரித்துப் பளபளப்புப் போய்விடும். நம் ஊர் கிரானைட் மேடை தாங்கும். வினிகரையும் சோடா உப்பையும் ஒன்றாகக் கலந்து பொங்கவிடுவது கண்ணுக்கு அழகு. ஒன்றை ஒன்று முறித்துவிடுவதால் மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர்.

பித்தளைக்குப் புளிதான், அதில் போட்டியே கிடையாது.

சரி, துடைத்த தண்ணீரை என்ன செய்வது? பூந்திக்கொட்டைத் தண்ணீரை நான் தென்னைக்கு ஊற்றுகிறேன். சோடா உப்பு கலந்ததை ஊற்றுவதில்லை. அதில் உள்ள சோடியம் நாளாக நாளாக மண்ணை இறுக்கிவிடும். அதை மட்டும் ரோட்டோரம் தெளித்துவிடுகிறேன், அடுத்த லாரி வரும் வரையாவது புழுதி அடங்கியிருக்கும்.